என்னைத் தெரிந்த ஒருவர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புது நோட்டு. பழைய நோட்டுகள் பதினொன்றும் அப்பாவுடையவை. ரத்த அழுத்தம், சர்க்கரை, குடித்த தண்ணீர், தூங்கிய நேரம், வலது கையை எத்தனை விரற்கடை தூக்கினார் என்பது வரை ஏழு வருஷக் கணக்கு அவற்றில் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. இனி எழுதுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை.

பெயர் பகவதி. வயது இருபத்தெட்டு. பி.எஸ்சி. புள்ளியியல். இருப்பு நாகர்கோவில் வடசேரி. அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டாள். கல்லூரி முடித்த அதே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம். அண்ணன் அனந்தன் புனேயில் இருக்கிறான். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து அப்பாவை அவன் பார்த்துக்கொண்டான், மற்ற நேரங்களில் நான் பார்த்துக்கொண்டேன். வேலைப் பங்கீட்டில் குறை சொல்ல முடியாது.

இப்போது விஷயம் என்னவென்றால், ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் புள்ளியியல் முதுகலை இருக்கிறது. ஒரு வருஷப் படிப்பு. நம் நாட்டுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் சேர்த்து முழு உதவித்தொகையோடு நான்கே இடம். பட்டம் வாங்கி எட்டு வருஷம் தாண்டியவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. எனக்கு இந்த வருஷத்தோடு சரி. செப்டம்பர் 30 கடைசி நாள்.

இந்த எண்ணமே அப்பா போன பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 4

ஆறு, பத்து, இரண்டு, எட்டு. மருந்து நேரத்துக்குச் செல்போன் இன்னும் அடிக்கிறது. நிறுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 12

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார், நான் யோசித்து யாரையாவது சொல்லுவேன் என்பதுபோல. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். ஏற்கெனவே போட்டுவைத்திருந்த இரண்டு டம்ளர் காப்பியையும் நானே குடித்தேன்.

சாயங்காலம் பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். ஐந்து மாதமாக எடுக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாளில் நான் வாயைத் திறப்பது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நோக்கக் கட்டுரை எழுத வேண்டும். “ஏன் இந்தப் படிப்பு, ஏன் இப்போது?” அறுநூறு வார்த்தை. ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு நானூறு வார்த்தை கடகடவென்று வந்தது. ஏன் இப்போது என்பதில் வண்டி நின்றுவிட்டது. பட்டத்துக்கும் இன்றைக்கும் நடுவே ஏழு வருஷம் வெறுமையாகக் கிடக்கிறதே, அதற்கு விளக்கம் கேட்கிறார்கள். “குடும்பக் காரணங்கள்” என்று போட்டேன். இரண்டு வார்த்தையில் ஏழு வருஷம் முடிந்தது.

ஒருத்திக்கு மாவு அரைப்பது தொல்லை. குறைத்துப் போட்டால் கிரைண்டர் அரைக்க மாட்டேன் என்கிறது. நிறையப் போட்டால் வாரம் முழுக்கத் தோசை, கடைசி இரண்டு நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

ஆகஸ்ட் 18

விண்ணப்பத் தளத்தில் என் பக்கத்தின் மேலே சின்ன எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறது. “கணக்கு தொடங்கிய நாள்: பிப்ரவரி 11.” அப்பா இறந்தது மார்ச் 2. அந்த ஊர்க் கணினியில் ஏதோ தேதிக் குளறுபடி.

செப்டம்பர் 5, வெள்ளி

பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும். படிப்பையோ வேலையையோ நேரில் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். எங்கள் துறைத்தலைவர் ஞானசிகாமணி சாரைப் பார்க்கக் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியர் தினம் என்பதால் நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பொதி வாங்கிக்கொண்டேன். மேசை மேல் ஏற்கெனவே எட்டுப் பொதி இருந்தது.

“வாம்மா வா. நீ கனகா பேட்ச்தானே? அந்த ரெண்டாவது பெஞ்சு?”

“இல்ல சார், பகவதி.”

“ஆங், பகவதி, பகவதி. கல்யாணம் ஆயிட்டா?”

இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். சார் தாராளமானவர்.

“அதுக்கென்ன, பேஷா தாறேன். நீயே எழுதி எடுத்துட்டு வா, கையெழுத்து போட்டுருவேன். உனக்குத்தானே தெரியும் உன்னப் பத்தி.”

எதிர்பார்த்ததுதான். இங்கே எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம். எனக்கு முன்னால் அறைக்கு வெளியே நின்ற பையனும் கையில் தன் புகழை டைப் அடித்து வைத்திருந்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு முகமே தெரியவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்தும் “பகவதி நல்ல மாணவி” என்ற ஒரு வரிக்கு மேல் நகரவில்லை. பகவதி எப்படிப்பட்டவள்? நேரத்துக்கு மருந்து கொடுப்பாள். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வாள். இதையெல்லாம் ஞானசிகாமணி சார் எப்படி எழுதுவார்?

கடைசியில் இணையத்தில் ஒரு மாதிரிக் கடிதத்தைப் பிடித்து, அதில் இருந்த யாரோ ஒரு ஆணைப் பெண்ணாக்கி, என் பெயரைப் போட்டேன். கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவர், வகுப்பில் முதல் ஐந்து சதவீதத்தில் ஒருவர். படித்துப் பார்த்தபோது அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 12

சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கடிதத்தை அவருடைய மின்னஞ்சலிலிருந்துதான் ஏற்ற வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“மெயிலெல்லாம் எனக்கு ஒத்துவராதும்மா. எனக்க பேர்ல நீயே ஒண்ணு தொறந்து அனுப்பிரு. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்யுதுவ.”

வீட்டுக்கு வந்து பேராசிரியர் ஞானசிகாமணி ஆனேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதத்தை ஏற்றியதும் பேராசிரியருக்கு நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மதிப்புமிக்க நேரத்துக்கு நன்றி என்று. பிறகு துணி ஊறவைத்தேன்.

செப்டம்பர் 29

விண்ணப்பம் போய்விட்டது. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அக்டோபர் 20, தீபாவளி

மழை. துக்க வருஷம் என்பதால் பண்டிகை இல்லை. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுக்க யோசித்துக் கொடுக்காமல் விட்டார்கள். முறைதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்டபோதும் எழுந்து போய்ப் பார்த்தேன்.

என் அஞ்சலில் ஒன்றும் இல்லை. பேராசிரியரின் அஞ்சலைத் திறந்தேன். தினமும் திறக்கிறேன். அவருக்குப் புத்தகக் கம்பெனி ஒன்று தீபாவளி வாழ்த்து அனுப்பியிருந்தது.

அக்டோபர் 28

பேராசிரியருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம்!

முதல் பட்டியலில் பகவதி இருக்கிறாளாம். இருபது பேரில் ஒருத்தி. ஆனால் பரிந்துரை கல்லூரி முகவரியிலிருந்து வராததால் பேராசிரியர் சில கேள்விகளுக்குச் சொந்த வார்த்தைகளில் பதில் தர வேண்டும். விண்ணப்பதாரர் ஒரு தோல்வியை எப்படி எதிர்கொண்டார்? அவருடைய குறை என்று எதைச் சொல்வீர்கள்? கடந்த ஏழு ஆண்டுகள் அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பத்து நாள் அவகாசம்.

நவம்பர் 1, சனி

எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்பதால் விடுமுறை. டியூஷனும் இல்லை. நாள் முழுக்க ஞானசிகாமணியாக உட்கார்ந்து பதில் எழுதினேன்.

இந்த முறை எங்கும் நிற்கவில்லை. பகவதி முதல் இரண்டு வருஷம் தகப்பன் மேல் கோபமாகவே இருந்தாள், வாய்விட்டுக் காட்டியதில்லை என்று எழுதினேன். அவள் குறித்துவைத்த நோட்டுகளைப் பார்த்து டாக்டர் இரண்டு முறை மருந்தின் அளவை மாற்றினார் என்று எழுதினேன். அவளுடைய குறை, யாரையும் உதவிக்குக் கூப்பிடமாட்டாள், பிறகு யாரும் வரவில்லை என்று மனத்தில் வைத்துக்கொள்வாள். நான்கு பக்கம். எழுதி முடித்துப் படித்தேன். இத்தனை தூரம் என்னைக் கவனித்த ஒரு மனிதர் இருக்கிறாரே என்று ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. நிஜமாகவே நிறைந்தது. அப்புறம்தான் அவருக்கு என் பெயர்கூட நினைவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அழுதேன். அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. என்னை நானே வெளியிலிருந்து பார்த்து, நானே பாராட்டி, நானே நன்றிக் கடிதமும் வாங்கிக்கொள்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

நவம்பர் 2, ஞாயிறு

நான்கு பக்கத்தையும் அழித்தேன். என் சொந்த முகவரியிலிருந்து எழுதினேன்.

அந்தக் கடிதம் நான் எழுதியது. அந்த மின்னஞ்சல் நான் திறந்தது. இங்கே அதுதான் வழக்கம், அதனால் சரியாகிவிடாது. பேராசிரியருக்கு என்னைத் தெரியாது. ஏழு வருஷம் நான் என் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டேன், அதை என் கட்டுரையில் இரண்டு வார்த்தைக்குள் ஒளித்துவைத்தேன். ஏன் இப்போது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இல்லை, முன்பே. என் கணக்கு தொடங்கிய நாளைப் பாருங்கள். அன்று அவர் உயிரோடு இருந்தார். பக்கத்து அறையில் படுத்திருந்தார். அவர் போன பிறகு எனக்குக் கிடைக்கப்போகும் வாழ்க்கைக்கு நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11 சரியான தேதிதான்.

அனுப்பிவிட்டுக் குளித்தேன்.

நவம்பர் 7

இவ்வளவுதான், ஊற்றி மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் திறந்தேன். இல்லை. சேர்க்கைக் குழு பேசியதாம். பழைய கடிதத்தை நீக்கிவிட்டார்கள். என் நேர்மையை மதித்து ஒரே ஒரு வாய்ப்பு. கடந்த ஏழு ஆண்டுகளில் என் உழைப்பை நேரில் பார்த்த ஒருவர் நவம்பர் 21-க்குள் புதுக் கடிதம் தர வேண்டும். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. கடிதத்தை நான் பார்க்கக் கூடாது. விதிமுறைகளை இணைத்திருந்தார்கள்.

சந்தோஷத்தில் வீட்டுக்குள் நாலு சுற்று நடந்தேன். ஐந்தாவது சுற்றில், யார் என்ற கேள்வி வந்தது.

நவம்பர் 8

செல்போனில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். அண்ணன். ஆம்புலன்ஸ். கேஸ். டியூஷன் சென்டர். பால்காரர். மெடிக்கல் ஸ்டோர். ஜோஸ்லின் பிசியோ. அப்புறம் மின்சார வாரியம். டாக்டர் மாற்றலாகி எங்கோ வடக்கே போய்விட்டார்.

ஜோஸ்லின் தக்கலைக்காரி, பிசியோதெரபிஸ்ட். நாலு வருஷம் வாரத்தில் மூன்று நாள் வந்து அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுத்தவள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தாள். அதோடு சரி. நானும் கூப்பிடவில்லை. வேலை முடிந்த பிறகு எதற்கு வருவாள் என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 10

கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றாள்.

“இப்பதான் கூப்பிடத் தோணிச்சா அக்கா? நான் ரெண்டு மூணு மட்டம் வாசல் கேட் வரை வந்துட்டுப் போனேன். சும்மா வந்தா என்ன நெனப்பியளோன்னு ஒரு இது.”

கடித விஷயத்தைச் சொன்னேன், போலிக் கடிதம் உட்பட. விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எனக்க இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமே. நீங்க எழுதித் தாங்க, நான் கையெழுத்து போடுதேன்.”

“ஐயோ, வேண்டாம். நீயேதான் எழுதணும். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன். என்ன கேட்டிருந்தாலும் உனக்குத் தோணுறத எழுது.”

அதுவரை நீங்கள் என்றுதான் அவளிடம் பேசியிருக்கிறேன். எப்படி மாறியது என்று தெரியவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை.

காப்பி கொடுத்தேன். பிப்ரவரி விஷயத்தை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

“அது எனக்குத் தெரியும்லா. நான் அப்பாக்குக் கால நீட்டி விடும்போ நீங்க அந்த ரூம்ல கம்ப்யூட்டர்ல இருப்பிய. கட்டில்ல இருந்து பாத்தா ஸ்க்ரீன் தெரியும்.”

“அப்பா பாத்தாரா?”

“பாத்தாவ.”

“என்ன சொன்னாரு?”

“அவியளுக்குப் பேச்சு எங்க வரும்? கதவச் சாத்துன்னு எனக்குக் கை காட்டினாவ. நான் சாத்தினேன்.”

“கோபமா?”

ஜோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

“அது எனக்குச் சொல்லத் தெரியல்ல அக்கா. நம்ம சத்தம் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்னு காட்டினாவளோ, பாக்கப் பிடிக்கலையோ. ஆனா நல்லா மேல தூக்கிக் காட்டினாவ. வலது கைய.”

அவள் போன பிறகு நெடுநேரம் அந்தக் கதவருகே நின்றேன். வலது கையை அவ்வளவு மேலே தூக்கியது எந்த நோட்டிலும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஜோஸ்லின் அகராதி கேட்டு வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்ததைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 20

“அனுப்பியாச்சு. மூணு நாள் எடுத்து எழுதினேன். தலை போச்சு.” ஜோஸ்லினின் குறுஞ்செய்தி.

டிசம்பர் 3, புதன்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. உள்ளூர் விடுமுறை. ஜோஸ்லின் வந்து வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனாள். கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்று என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வளையல் வாங்கினோம், மசாலாப் பொரி தின்றோம். தேரைப் பார்த்துக் கும்பிட்டு, “இவளுக்கு சீட் கெடைக்கணும்” என்று சத்தமாகவே சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

டிசம்பர் 9

கிடைக்கவில்லை.

மின்னஞ்சல் சின்னதுதான். புதிய கடிதத்தைக் குழு அக்கறையோடு படித்ததாம். ஆனால் படிவத்தில் “விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு” என்ற கேள்விக்கு, ஆசிரியர், மேலதிகாரி, உடன் பணியாற்றியவர் என்ற மூன்றையும் விட்டுவிட்டு, “மற்றவை” என்பதைத் தேர்ந்தெடுத்து அவர் “தோழி” என்று எழுதியிருக்கிறார். உறவினர்கள், நண்பர்கள் தரும் கடிதங்களை விதி ஏழின்படி ஏற்க முடியாது. மறுபரிசீலனைக்கு இடமில்லை. வருந்துகிறோம்.

விதிமுறைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஏழாவது விதி இருக்கத்தான் செய்கிறது. நான் படித்திருந்தால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “உடன் பணியாற்றியவர்” என்று போடு, போதும். அது பொய்யும் இல்லை. நாலு வருஷம் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர்கள்தானே நாங்கள். ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன் என்று வீம்பு பிடித்தது நான்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்த ஒரே வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் கேட்க எனக்குத் தகுதியே இல்லை. மேசையில் குத்தி விரல் வீங்கியிருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் என்று போனைக்கூட எடுத்தேன். தக்கலையில் உட்கார்ந்து, என் அகராதியைப் புரட்டி, மூன்று வார்த்தை கண் முன்னால் இருக்கும்போது நான்காவதாக ஒன்றை அவளே யோசித்து எழுதியிருக்கிறாள். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 10

காலையில் ஜோஸ்லினே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“இல்லையா?”

“இல்ல. பயங்கரப் போட்டியாம். நாலு இடத்துக்கு இருபது பேரு.”

“எனக்க லெட்டர்? அதுல எதும் கொளறிட்டேனா? சத்தியமாச் சொல்லுங்க. அதுல ஒரு பெட்டியில என்ன போடணும்னே தெரியாம ரெண்டு நாள் முழிச்சிட்டிருந்தேன்.”

“லெட்டர் நல்லா இருந்துச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க.”

“நெசமா?”

“ஆமா.”

நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தைத் திட்டினாள், குளிரைத் திட்டினாள், அங்கே போய் உப்புச்சப்பில்லாததைத் தின்று மெலிந்துதான் போயிருப்பேன் என்றாள். சென்னையில் இதே படிப்பு ஒரு நிறுவனத்தில் இருக்கிறது, பிப்ரவரியில் நுழைவுத் தேர்வு என்று நேற்று நான் தேடிப் பார்த்து வைத்ததைச் சொன்னேன்.

“அதுக்கும் லெட்டர் கேக்குமா? கேட்டா நானே எழுதுகேன். இப்ப பழகிட்டு.”

“கேட்டாலும் நீ எழுதக் கூடாது.”

“ஏன்? இப்பதான நல்லா இருக்குன்னு சொன்னிய?”

“நல்லா இருந்துச்சு. ஆனாலும் நீ எழுதக் கூடாது.”

என்னை உற்றுப் பார்த்தாள். காரணம் கேட்கப்போகிறாள் என்று பயந்தேன். “சரி, போட்டும், வேற யாரையாவது பிடி” என்று எழுந்து சமையலறைக்குப் போய், கேட்காமலே காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தாள்.